சங்கத்து வாசலில் நிற்காத ஆட்டோ

என் மனைவி தையல்நாயகி இறந்து ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் பதினான்கு மாதம் எங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. ஓர் ஆவணி மாதச் செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு அவள் போயிருக்க வேண்டியவள். போகாமல் இருந்ததற்குக் காரணமானவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேரில் நன்றி சொன்னபோதெல்லாம் நான் சரியாகச் சொல்லவில்லை. பேச்சு எனக்கு வராது. எழுத்து கொஞ்சம் வரும். அதனால் எழுதுகிறேன்.

நான் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவன். பெயர் கலியாணசுந்தரம். அந்தக் காலத்து பி.யூ.சி. வரை படித்துவிட்டு, அப்பாவுக்கு முதுகு விட்டுப்போனதால் தறிக்குழியில் இறங்கியவன். தெருவில் யாருக்காவது மனு எழுத வேண்டும், நோட்டீஸ் படித்துச் சொல்ல வேண்டும் என்றால் என்னிடம் வருவார்கள். தையல்நாயகி இரண்டாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவாள், பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிப்பாள், அவ்வளவுதான். முப்பத்தேழு வருடம் எனக்குக் கோர்வை போட்டவள் அவள். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். நூலைக் குறுக்கே கொண்டுபோகிற நாடா கரைக்குத் தனியாக உண்டு. நான் நடுவில் உட்கார்ந்து நெய்ய, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவாள். ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்தத்தான் வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் அந்தப் புதிய மருத்துவச் சட்டம் வந்தது. பேப்பரில் படித்தேன், தெருவில் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. பிறகு எங்கள் பகுதி அரசு நர்ஸ் சுகாசினி அதை விளக்க ஒரு கூட்டம் போட்டார். ஏனாத்தூர் பக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிற, முப்பது வயதுக்குள் இருக்கிற பெண். கல்யாண மண்டபத்தில் நூறு நாற்காலி, மைக், டீ எல்லாம் ஏற்பாடு. நாலு பேர் போனோம். அதில் மூன்று பேர் டீ குடித்ததும் எழுந்துவிட்டார்கள். நாற்காலி போட்ட பையனுக்கும் எனக்கும் அவர் முழுசாகப் பேசி முடித்தார். வரும்போது எனக்கு இருபத்துநாலு பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் கொடுத்தார்.

மறுநாள் அந்தப் பெண் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டது. முகம் வாடியிருந்தது. எத்தனை மணிக்குக் கூட்டம் வைத்தால் இந்தத் தெருக்காரர்கள் வருவார்கள் என்று தையல்நாயகியிடம் கேட்டது.

"எந்த மணிக்கு வெச்சாலும் வர மாட்டாங்கமா. தறிய வுட்டு எவன் எந்திரிப்பான்? பாவு விரிக்கிறப்போ வா. ஒரு ஆளும் அசைய முடியாது."

பாவு என்பது புடவையின் நீளவாட்டு நூல். மூன்று புடவைக்கான நூலைக் காலையில் தெருவில் ஏழெட்டு வீட்டு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளைப் பிணைத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்கு எட்டு வீட்டு ஆள் வரும். நாளைக்கு அவர்கள் பாவுக்கு நாம் போவோம். ஒருவர் கையை விட்டாலும் இழை சிக்கிக்கொள்ளும் என்பதால் ஒன்றரை மணி நேரம் யாரும் நகர முடியாது. போனை எடுக்கக்கூட முடியாது, விரலெல்லாம் கஞ்சி.

அடுத்த வாரம் எங்கள் வீட்டுப் பாவு. சுகாசினி ஆறு மணிக்கே வந்துவிட்டார். புத்தகத்தைப் பிரித்து, முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தார். விளக்கங்கள், வரையறைகள், மாவட்டக் குழு, குறைதீர்ப்பு. எங்கள் ஆட்கள் மரியாதையானவர்கள், குனிந்து நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு ஜெயக்குமார் மட்டும் வாயை அடக்க முடியாதவன். அவன் தறியை விட்டு ஆட்டோ ஓட்டுகிறவன், ஆனாலும் பாவுக்கு வந்துவிடுவான்.

"சிஸ்டர், கையத்தான் கட்டிப் போட்டாங்க. காதையாவது அவுத்து வுடுங்களேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சுகாசினிக்குக் குரல் இறங்கிப்போனது. அப்போது பாவின் கடைசியில் நின்று அறுந்த இழை பிணைத்துக்கொண்டிருந்த தையல்நாயகி தலையைத் தூக்காமலேயே கேட்டாள்.

"நர்சம்மா, எனக்கு இப்போ நெஞ்சுவலி வந்துக்கினு இருக்குதுன்னு வெச்சிக்கோ. நான் மொதல்ல எங்க போவணும்? அத்த மட்டும் சொல்லு."

சுகாசினி புத்தகத்தைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். பதில் சொல்லாமல் அதே கேள்வியைத் திருப்பி எங்களிடம் கேட்டார். நீங்களே சொல்லுங்கள், எங்கே போவீர்கள்?

பாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே பதில் வந்தது. சங்கத்துக்குப் போவோம். சடகோபன் சாரிடம் லெட்டர் வாங்குவோம். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விநோதமாக இருக்கும். எங்களுக்கு அப்படி இல்லை. கண்ணாடி, பிள்ளைகளின் படிப்பு உதவி, பழைய மருத்துவக் காப்பீடு என்று அரசாங்கத்திலிருந்து எது வந்தாலும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதத்தோடுதான் வந்தது. முப்பது வருடமாக அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுப்பவர் சடகோபன். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார். நல்ல மனுஷர். ஒரு பேனா மையைக்கூட வீணாக்க மாட்டார். பத்தரைக்குச் சங்கம் திறக்கும், செவ்வாய்க்கிழமை பாங்குக்குப் போய்விட்டு மத்தியானம்தான் வருவார். சங்கத்தில் உறுப்பினராக இல்லாமல் முதலாளி வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்கிறவர்கள் இன்னும் மோசம். அவர்களுக்குக் கடிதம் கிடைக்காது. அதனால் எந்தச் சட்டமும் தங்களுக்கு இல்லை என்றே அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

சுகாசினி புத்தகத்தை மூடி ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துவிட்டார். "லெட்டர் வேணாம்," என்றார். "உசுருக்கு ஆபத்துன்னு வந்தா கிட்ட இருக்கிற எந்த ஆஸ்பத்திரிக்கும் நேரா போகலாம். கவர்மென்ட்டோ பிரைவேட்டோ. முன்பணம், ஆதார், லெட்டர் எதுவும் கேக்காம மொதல் சிகிச்சை பண்ணியே ஆகணும். அதுக்கான செலவ அரசாங்கம் அவங்களுக்குக் குடுத்துடும். இதுதான் இந்தச் சட்டம்."

"லெட்டர் இல்லாம கண்ணாடியே குடுக்கல," என்றான் ஜெயக்குமார். "உசுர குடுத்துடுவாங்களாக்கும்."

அன்றைக்கு அவன் பேச்சுத்தான் எடுபட்டது.

ஆனால் தையல்நாயகிக்கு அந்த விஷயம் மனதில் ஒட்டிக்கொண்டது. மத்தியானம் அவள் தார் சுற்றும்போது, அதாவது நாடாவுக்குள் வைக்கிற சிறு குழலில் நூல் ஏற்றும்போது, என்னைப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னாள். நான் படித்தேன். ஆறாம் பிரிவு எனக்கு இன்றும் மனப்பாடம். 'உயிருக்கு ஊறு நேரக்கூடிய நிலையில் கொண்டுவரப்படும் எவருக்கும், முன்பணமோ, அடையாள ஆவணமோ, எந்தவோர் அமைப்பின் பரிந்துரைக் கடிதமோ இல்லை என்பதைக் காரணங்காட்டி முதல்நிலைச் சிகிச்சை மறுக்கப்படலாகாது.'

அவள் ராட்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இத்த நெஞ்சுவலி வந்தவன் உக்காந்து படிக்கணுமா?"

நான் கொஞ்சம் ரோஷத்தோடு, சட்டம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் மறுபடி ராட்டையைச் சுற்றினாள். ஆனால் தினம் ஒரு பக்கம் படிக்க வைத்தாள். எது உண்டு, எது இல்லை என்று துருவித் துருவிக் கேட்டாள். முழங்கால் ஆபரேஷன் இதில் இலவசமா? இல்லை. கண்புரை? இல்லை, அதற்கு வேறு திட்டம். வீட்டுக்கு அனுப்பும்போது எல்லாக் காகிதத்தின் நகலும் கொடுக்க வேண்டுமா? ஆம். என்ன வியாதி என்று நமக்குப் புரிகிற பேச்சில் சொல்ல வேண்டுமா? ஆம், அது ஒன்பதாம் பிரிவு.

பிறகு அவள் பாவுக்குக் கிளம்பினாள். இழை பிணைப்பதில் அவள் கை வேகமானது, அதனால் பக்கத்துத் தெருக்களிலும் கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் எப்போதாவதுதான் போவாள். இப்போது கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனாள். எல்லோர் கையிலும் நூல் ஏறியதும் அதே கேள்வியைக் கேட்பாள். வலி வந்தா எங்க போவ? சங்கத்துக்கு என்று பதில் வரும். இவள் இல்லை என்பாள். சண்டை போடுவார்கள். முழங்கால் ஆபரேஷனுக்கு உண்டா என்று ஒரு தெருவில் கேட்டார்களாம். இல்லை என்றதும் பிறகு என்ன பெரிய சட்டம் என்று முகத்தைச் சுளித்தார்களாம். எல்லாவற்றுக்கும் உண்டு என்று சொல்லிவிட்டால் கேட்டுக்கொள்வார்களே என்று நான் விளையாட்டாகச் சொன்னேன்.

"இல்லாதத இருக்குதுன்னு சொன்னா, நாளைக்கு இருக்கிறத சொல்றப்போ எவன் நம்புவான்?" என்றாள்.

சுகாசினியும் நேரம் கிடைக்கும்போது பாவுக்கு வந்து அவள் பக்கத்தில் நிற்பார். வலியை எப்படி அடையாளம் காண்பது என்று அந்தப் பெண்தான் சொல்லிக் கொடுத்தது. நெய்கிறவர்களுக்குத் தோள்வலியும் மார்வலியும் தினசரி உள்ளவை, எல்லாவற்றையும் தறிவலி என்று எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது வியர்த்துக்கொண்டு வருகிற வலி தறிவலி இல்லை என்று சுகாசினி சொன்னதைத் தையல்நாயகி அப்படியே தன் பேச்சில் சேர்த்துக்கொண்டாள்.

ஜெயக்குமார் அவளுக்கு வக்கீலக்கா என்று பெயர் வைத்தான். அவன் ஆட்டோவில் ஏறினால் "வக்கீலக்கா, எந்த கோர்ட்டுக்கு?" என்பான். அவளும் விடமாட்டாள். இறங்கும்போதெல்லாம் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவாள்.

"வலி வந்தா எங்க போவடா?"

"டீக்கடைக்கு. ஸ்ட்ராங்கா ஒண்ணு அடிச்சா செரியாப் பூடும்."

"பாடைதான் ஸ்ட்ராங்கா கட்டணும் உனுக்கு."

இப்படி ஆறேழு மாதம் போயிற்று. அதனால் தெருவில் ஏதாவது மாறியதா என்று கேட்டால் அப்போது எனக்குத் தெரியாது. நான் அவளுக்குப் படித்துக் காட்டியதோடு சரி. சட்டம் நன்றாகத் தெரிந்தவன் இந்தத் தெருவில் நான்தான் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை கிளிப்பச்சை உடலுக்கு அரக்குக் கரை போட்ட புடவை நெய்துகொண்டிருந்தோம். முந்தானைக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது. நான் மிதித்தேன், என் நாடாவை விட்டேன். அவள் நாடா வரவில்லை. தார் தீர்ந்துவிட்டதோ என்று திரும்பினேன். நாடாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை. மின்விசிறி அவள் பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தோள் பிடித்துக்கொண்டதா, தைலம் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"இது கோர்வை வலி இல்லீங்க," என்றாள்.

எழுந்து தெருவுக்கு ஓடினேன். ஜெயக்குமார் மூலையில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தான். இருவருமாக அவளைத் தூக்கி உட்கார வைத்தோம். ஏதோ மறந்தவன் போல நான் மறுபடி வீட்டுக்குள் போனேன். அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். பர்ஸையோ செருப்பையோ எடுக்கவில்லை. அந்த இருபத்துநாலு பக்கப் புத்தகமும் அதே அலமாரியில்தான் இருந்தது. நான் எடுத்தது சங்கத்து உறுப்பினர் புத்தகம்.

ஆட்டோ தெரு முனை திரும்பியதும், "சங்கத்து வாசல்ல ஒரு நிமிஷம் நிறுத்துப்பா, லெட்டர் வாங்கிக்கினு போயிடலாம்," என்றேன்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நடந்தது அதுதான். ஆறாம் பிரிவை ஐம்பது முறையாவது சத்தம் போட்டுப் படித்தவன் நான். பரிந்துரைக் கடிதம் என்ற சொல்லை என் வாயால்தான் அவள் கேட்டாள். அன்றைக்கு அதெல்லாம் எங்கோ போய்விட்டது. ஆபத்து என்றால் முதலில் சங்கம் என்று முப்பது வருடம் நடந்த கால் என்னுடையது. அன்றைக்கு வாயும் காலின் பேச்சைத்தான் கேட்டது.

சங்கம் வந்தது. கதவு பாதி சாத்தியிருந்தது. செவ்வாய்க்கிழமை, சடகோபனின் சைக்கிள் வாசலில் இல்லை. இருந்தாலும் நான் ஜெயக்குமார் தோளைத் தட்டினேன். அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"வலி வந்தா எங்க போவ, மாமா?"

என் தோளில் தலை சாய்த்து, கண்ணை மூடியிருந்த தையல்நாயகி சொன்னாள். மூச்சு விட்டு விட்டுத்தான் வந்தது.

"நேரா."

"அதான்," என்றான் ஜெயக்குமார். சங்கம் பின்னால் போய்விட்டது.

எட்டு நிமிடத்தில் ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் நின்றோம். அவளைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். என்னைக் கவுன்டரில் நிற்கச் சொன்னார்கள். அங்கே இருந்த பெண் சின்ன வயது, நெற்றியில் விபூதி. எந்தத் தெரு என்று கேட்டது. சொன்னேன். "சங்க லெட்டர் இருக்குதாங்கய்யா?" என்றது. எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அதைக் கொண்டுவருவதால் அதற்கும் அது பழகிப்போயிருந்தது. கொடுமைக்காரப் பெண் இல்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அங்கேதான் எனக்குப் புத்தி திரும்பி வந்தது. கையில் இருந்த உறுப்பினர் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்தேன்.

"இல்லம்மா," என்றேன். "கடிதம் இல்லன்னு காரணம் காட்டி மறுக்கக் கூடாது. ஆறாம் பிரிவு." பிறகு முழு வாக்கியத்தையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பது போல, கையைக் கட்டிக்கொண்டு. பின்னால் நின்ற ஜெயக்குமார் "கேட்டுக்கோமா, வக்கீலே வந்துட்டாரு," என்றான். அந்தப் பெண் எழுந்து உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தது. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டது. அவ்வளவுதான் நடந்தது. மருந்து அதற்கு முன்பே ஏற ஆரம்பித்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. டாக்டர் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டு, சாயங்காலம் ஆம்புலன்ஸில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மேற்கொண்டு அங்கே பார்த்தார்கள். கிளம்பும் முன் அந்த டாக்டர் என்னை உட்கார வைத்து, இதயத்தில் என்ன நடந்தது என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் இந்தப் படத்தை உங்களுக்குப் போட்டுக் காட்டியிருக்க மாட்டேன் என்றார். சடகோபன் அன்று பாங்கிலிருந்து திரும்பியது இரண்டரை மணிக்கு. இதை அவரே பிறகு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

மூன்றாம் நாள் வார்டில் அவளுக்குக் கஞ்சி ஊட்டும்போது, நான் சங்கப் புத்தகத்தை எடுத்துவந்ததைச் சொல்லி அழுதுவிட்டேன். அவளுக்கு முன்பே தெரியும். ஆட்டோவில் கண்ணை மூடியிருந்தாலும் காது திறந்துதானே இருந்தது.

"எடுத்ததுதான் எடுத்தீங்களே, அதுல என் பேரு இருக்குதான்னு பாத்தீங்களா?"

உண்மையில் இல்லை. உறுப்பினர் நான் மட்டும்தான். அவள் பெயர் அதில் எந்தப் பக்கத்திலும் கிடையாது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள், நெஞ்சு வலிக்கும் சிரிக்காதே என்று நர்ஸ் வந்து அதட்ட வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு கோர்வை போட அவளுக்கு அனுமதி இல்லை. நான் கரை தனியாக இல்லாத சாதாப் புடவைக்கு மாறினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தார் மட்டும் சுற்றினாள். பாவுக்கு மட்டும் போவதை நிறுத்தவில்லை. நிற்க முடியாததால் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். கேள்வி கேட்பதற்கு இப்போது அவசியமே இல்லை. அவள் வந்து உட்கார்ந்ததும் அந்தக் கோடியிலிருந்து யாராவது "நேரா, நேரா" என்று கத்துவார்கள், அவள் "இருங்கடா, நான் இன்னும் கேக்கவே இல்ல," என்பாள்.

ஒரு மாதம் கழித்து சடகோபன் சங்கத்துக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார். அவரே கைப்பட எழுதியது. அவசர மருத்துவ உதவிக்குச் சங்கக் கடிதம் தேவையில்லை, உறுப்பினரும் உறுப்பினரல்லாதோரும் நேரடியாக மருத்துவமனையை அணுகவும் என்று. கடிதம் எழுதியே வாழ்ந்த மனுஷர் தன் கடிதம் வேண்டாம் என்று தானே எழுதி ஒட்டியது பெரிய காரியம். அதைப் பார்க்க வேண்டும் என்று தையல்நாயகி கேட்டாள். மெதுவாக நடத்திக் கூட்டிப்போனேன். நான் படித்துக் காட்டினேன்.

"நல்லாருக்குது சார்," என்றாள் சடகோபனிடம். "ஆனா படிச்சவருக்குத்தான் எழுதியிருக்கீங்க. படிச்சவருதான் அன்னிக்கு வண்டிய நிறுத்தச் சொன்னாரு."

சடகோபன் என்னைப் பார்க்காமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். நானும் கதவைப் பார்த்தேன்.

சங்கத்தின் உள்ளறையில் தினேஷ் என்று ஒரு பையன் வேலை செய்கிறான். புடவைக் கரைக்கு யானை, மயில், அன்னம் எல்லாம் கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக அடைத்து வரைகிற டிசைனர். அவனைக் கூப்பிட்டு, ஒரு ஆட்டோ போட முடியுமா என்று கேட்டாள். இருபது வயதில் இருந்து யானை போடுகிறவன், ஆட்டோ போடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. உற்சாகமாகிவிட்டான். அரை மணியில் போட்டுவிட்டான். ஒரு பக்கம் சங்கத்துக் கதவு, இன்னொரு பக்கம் சிலுவை போட்ட ஆஸ்பத்திரி, நடுவில் மஞ்சள் ஆட்டோ. கறுப்புச் சக்கரத்தைக் கட்டத்தில் வட்டமாக்கத்தான் கஷ்டப்பட்டான்.

"உள்ள ஒரு பொம்பளைய போடுப்பா."

"இடம் இல்ல ஆன்ட்டி. அஞ்சு கட்டந்தான் இருக்குது."

"எனுக்கு அஞ்சு கட்டம் போதும். சங்கத்துப் பக்கம் திரும்பிப் பாக்கிற மாரி மட்டும் போட்டுடாத."

அவன் ஐந்து கட்டத்தில் ஒரு முகமும் கொண்டையும் வைத்தான். முகம் ஆஸ்பத்திரியைப் பார்த்திருந்தது. அறிவிப்புக்குக் கீழே அதை ஒட்டினார்கள். ஜெயக்குமார் வந்து பார்த்துவிட்டு டிரைவர் எங்கே என்று தகராறு செய்தான். பிறகு அவனுக்கும் இரண்டு கட்டம் ஒதுக்கப்பட்டது.

அந்தப் பதினான்கு மாதத்தில் நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மழைக்குப் பிறகு தாமல் ஏரி நிறைந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஜெயக்குமார் ஆட்டோவிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மகள் கலைவாணிக்கு இரண்டாவது பிரசவம். பேத்தியைக் குளிப்பாட்ட முடியவில்லை என்றாலும் மடியில் போட்டுக்கொண்டாள். மாகறல் கோயிலுக்கு வேண்டிக்கொண்டது ஒன்று பாக்கி இருந்தது, அதை முடித்தாள். மற்ற நாட்களில் தார் சுற்றினாள், என்னைப் பேப்பர் படிக்க வைத்தாள், எதிர்த்துக் கேள்வி கேட்டாள்.

அவள் போனது ஒரு விடியற்காலை, தூக்கத்தில். வலி என்று எழுப்பவில்லை. ஓட வேண்டிய வேலையே யாருக்கும் வைக்கவில்லை. காரியத்துக்கு சுகாசினி வந்தார். அதற்குள் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது. அங்கே பாவு இல்லை, நடவு வயல்தான், நடவு நடும்போது வரப்பில் நின்று அக்காவின் கேள்வியைத்தான் கேட்கிறேன் என்றார். கூலித்தறி நெய்கிற ஒருவரையும், பக்கத்துத் தெரு மஹாலட்சுமி அம்மாளையும் நேராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததாக ஜெயக்குமார் அன்று சொன்னான். இரண்டு பேரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலவும் இருந்தது. இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றச் சொன்னேன்.

சுகாசினிக்கும், நிறுத்தாத ஜெயக்குமாருக்கும், கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருக்காத அந்த டாக்டருக்கும், கட்டத்தில் கோடு போட்ட பெண்ணுக்கும், தன் கடிதத்தைத் தானே வேண்டாம் என்று எழுதிய சடகோபனுக்கும் நான் சரியாகச் சொல்லாத நன்றி இதுதான். பெயர் தெரியாத யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து அந்த ஆறாம் பிரிவை எழுதியிருக்கிறார். அவருக்கும்.

போன வாரம் சங்கத்துக்குப் புடவை கொடுக்கப் போனேன். கதவில் இருந்த படம் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. ஆட்டோவின் மஞ்சள், தாளின் நிறத்துக்கே வந்துவிட்டது. அப்படியே விட்டுவிடவா, அது அம்மா இருக்கும்போது போட்டதாயிற்றே என்று சடகோபன் தயக்கத்தோடு கேட்டார். நானும் ஒரு நிமிடம் யோசித்தேன். அது தெரியாமல் போனால் அவள் எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறாள்? உள்ளறைக்குப் போய், புதிதாக ஒன்று போடச் சொல்லி தினேஷிடம் கேட்டேன். அவன் கட்டத்தாளை எடுத்து விரித்தான்.

"ஆன்ட்டிக்கு இந்த வாட்டி பெரிய இடமா வுட்டுடட்டுமா, அங்கிள்?"

"வேணாம்ப்பா," என்றேன். "அஞ்சு கட்டமே போடு. மொகம் மட்டும் நேரா பாக்கணும்."